96 எடுத்தும் வெளியே... 90 எடுத்தும் உள்ளே!

இன்றைக்கு உங்கள் முன்னால் ஒரு வழக்கு வருகிறது. நீதிபதி நீங்கள்தான்! முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தீர்ப்பு சொல்லுங்கள். நடுவில் என் கருத்தையும் சொல்லப் போகிறேன். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, சரியா?

முதலில் ஒரு சின்னக் கற்பனை. உங்கள் பள்ளியில் ஒரு பெரிய போட்டி. 'ஏ' செக்ஷனில் இருந்து 8 பேர், 'பி' செக்ஷனில் இருந்து 8 பேர் என்று 16 பேரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். நீங்கள் 'ஏ' செக்ஷன். 96 மார்க் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால், உங்கள் செக்ஷனில் நீங்கள் ஒன்பதாவது இடம். 'பி' செக்ஷனில் 90 மார்க் வாங்கியவர் எட்டாவது இடம். அவர் போட்டிக்குப் போகிறார். நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள்!

'இது என்ன அநியாயம்!' என்று கத்தத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இது உண்மையிலேயே நடந்திருக்கிறது. பள்ளியில் அல்ல, உலகத்திலேயே மிகப் பெரிய ஐஸ் ஹாக்கி போட்டியில்!

பனிக்கட்டி மேல் ஒரு பந்தயம்

நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரையோ, செயற்கைப் புல்தரையோ நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கி வேறு. உறைந்த பனிக்கட்டித் தரையில், காலில் ஸ்கேட்டிங் ஷூ மாட்டிக்கொண்டு சறுக்கியபடியே ஆட வேண்டும். பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற தட்டையான ரப்பர் வட்டு. கோல்கீப்பரையும் சேர்த்து ஓர் அணிக்குக் களத்தில் 6 பேர்தான். 20 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள். மொத்தம் 60 நிமிடங்கள்.

இந்த விளையாட்டின் பெரிய லீக், அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் தேசிய ஹாக்கி லீக். சுருக்கமாக என்.எச்.எல். இதில் இப்போது 32 அணிகள். கிழக்கு மண்டலம், மேற்கு மண்டலம் என்று இரண்டு மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் இரண்டு பிரிவுகள். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் மண்டலத்துக்கு 8 அணிகள், ஆக மொத்தம் 16 அணிகள் 'பிளே-ஆஃப்' சுற்றுக்குப் போகும். அதில் கடைசிவரை ஜெயிக்கும் அணிக்குத்தான் ஸ்டான்லி கோப்பை.

8 அணிகளை எப்படிப் பொறுக்குகிறார்கள்? 2013-14 சீசனில் இருந்து ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் 3 இடம் பிடித்த அணிகள் நேராக உள்ளே. மண்டலத்தில் மிச்சம் இருப்பவற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்த 2 அணிகளுக்கு 'வைல்டு கார்டு' நுழைவு. அவ்வளவுதான்.

கண்ணாடியில் பார்த்த மாதிரி!

இப்போது வழக்குக்கு வருவோம். 2018-19 சீசன். கிழக்கில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் என்ற அணி. ஸ்டான்லி கோப்பையை மற்ற எல்லா அணிகளையும்விட அதிக முறை வென்ற அணி. அந்த சீசனில் ஆடிய 82 ஆட்டங்களில் 44-ல் வெற்றி, 38-ல் தோல்வி. மொத்தம் 96 புள்ளிகள். ஆனால், கிழக்கில் ஒன்பதாவது இடம். பிளே-ஆஃப் இல்லை!

மேற்கில் கொலராடோ அவலாஞ்ச் என்ற அணி. அதே 82 ஆட்டங்கள். 38-ல் வெற்றி, 44-ல் தோல்வி. எண்களைக் கவனித்தீர்களா? மான்ட்ரியலின் கணக்கைக் கண்ணாடியில் காட்டிய மாதிரி அப்படியே தலைகீழ்! ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். 90 புள்ளிகள்தான். ஆனால், மேற்கில் எட்டாவது இடம். பிளே-ஆஃப் உண்டு!

'சரி, எப்படியோ உள்ளே வந்துவிட்டார்கள். முதல் சுற்றிலேயே தோற்றிருப்பார்கள்' என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. மேற்கில் 107 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்த கால்கரி ஃபிளேம்ஸ் அணியை 4-1 என்ற ஆட்டக் கணக்கில் கொலராடோ வீழ்த்திவிட்டது. அதே ஆண்டு கோப்பையை வென்றது யார் தெரியுமா? செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். 2019 ஜனவரி தொடக்கத்தில் லீகிலேயே கடைசி இடத்தில் இருந்த அணி அது!

இதிலிருந்து என்ன தெரிகிறது? வாய்ப்புக் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் சாதிக்கலாம். அந்த வாய்ப்பு மான்ட்ரியலுக்குக் கிடைக்கவே இல்லை. என் வருத்தம் அதுதான். தோற்றுப்போய் வெளியேறுவது வேறு; கதவே திறக்காமல் வெளியே நிற்பது வேறு.

அப்போது மேற்கு மண்டலத்தில் 15 அணிகள்தான், கிழக்கில் 16. இரண்டு பக்கத்துக்கும் 8 இடங்களே. அதாவது, ஒரு வரிசையில் 7 பேர் வெளியே நிற்க வேண்டும்; இன்னொரு வரிசையில் 8 பேர். இதுவும் கொஞ்சம் இடிக்கிறது, இல்லையா? ஆனால், இந்தக் கணக்கு இப்படி ஆனதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கேட்டால் நீங்களே 'ஐயோ பாவம்' என்பீர்கள்.

தூரம் என்ற இன்னோர் எதிரி

வட அமெரிக்கா மிகப் பெரிய நிலப்பரப்பு. கிழக்கில் நகரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நியூயார்க் வட்டாரத்தில் மட்டுமே ரேஞ்சர்ஸ், ஐலண்டர்ஸ், நியூ ஜெர்சி டெவில்ஸ் என்று மூன்று அணிகள். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். மேற்கில் அப்படி இல்லை. வான்கூவரிலிருந்து பாஸ்டனுக்குப் போக வேண்டுமானால் சுமார் 4,000 கி.மீ. பறக்க வேண்டும். கடிகாரத்தை 3 மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். இரவு விமானம், ஹோட்டல் அறை, கண்ணில் தூக்கம், மறுநாளே இன்னோர் ஆட்டம்... ரொம்பக் கஷ்டம்!

டெட்ராய்ட், கொலம்பஸ் ஆகிய இரண்டு நகரங்களும் கிழக்கு நேரப்படி கடிகாரம் வைத்திருப்பவை. ஆனால், 2013 வரை அந்த அணிகளை மேற்கு மண்டலத்தில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு எப்போது பார்த்தாலும் தூரப் பயணம். மேற்குக் கடற்கரையில் ஆட்டம் நடந்தால், அந்த ஊர்ச் சிறுவர்கள் டி.வி.யில் பார்க்க நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் வேறு!

இது நியாயமில்லை என்று 2013-ல் இரண்டு அணிகளையும் கிழக்குக்கு மாற்றினார்கள். நல்ல காரியம்தான். ஆனால், விளைவு? கிழக்கில் 16 அணிகள், மேற்கில் 14 அணிகள் என்று ஆகிவிட்டது. பயணத்தில் இருந்த அநியாயத்தைச் சரிசெய்யப் போய், எண்ணிக்கையில் ஓர் அநியாயம் முளைத்துவிட்டது. லாஸ் வேகாஸ் நகரத்து அணி 2017-ல் வந்தது. சியாட்டில் அணி 2021-ல் வந்தது. அதற்குப் பிறகுதான் 16-க்கு 16 என்று சமமானது.

பாருங்கள் குட்டீஸ், நியாயம் என்பது குட்டையான போர்வை மாதிரி. தலையை மூடினால் கால் தெரியும். காலை மூடினால் தலை தெரியும். அதற்காகப் போர்வையே வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிட முடியுமா?

ஒரே பரீட்சை, வேறு வேறு கேள்வித்தாள்

'எல்லாரும் எல்லாருடனும் சமமாக ஆடினால் பிரச்னை தீர்ந்தது' என்று உங்களில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சபாஷ்! உங்கள் தெருவில் 5 அணிகள் இருந்தால், ஒவ்வோர் அணியும் மற்ற 4 அணிகளோடு ஒரு முறை மோதலாம். 10 ஆட்டங்களில் கதை முடிந்தது.

32 அணிகள் என்றால்? ஒவ்வொருவருக்கும் 31 எதிரிகள். தலா 2 முறை ஆடினால் 62 ஆட்டங்கள். தலா 3 முறை என்றால் 93 ஆட்டங்கள். அது மிக அதிகம். அதனால்தான் ஒரு நடுவழி. 2021-22 முதல் 2025-26 வரை ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். அதில் தன் பிரிவுக்குள் 26. தன் மண்டலத்தின் இன்னொரு பிரிவோடு 24. அடுத்த மண்டலத்தோடு 32.

இதில் என்ன சிக்கல்? உங்கள் பிரிவில் எல்லாருமே பலசாலிகள் என்றால், அந்தப் பலசாலிகளோடுதான் நீங்கள் அடிக்கடி மோத வேண்டும். பக்கத்துப் பிரிவில் எல்லாரும் சுமார் என்றால், அவர்களுக்கு எளிய எதிரிகள் அடிக்கடி கிடைப்பார்கள். ஒரே பரீட்சையை ஒருவர் கடினமான கேள்வித்தாளிலும் மற்றவர் சுலபமான கேள்வித்தாளிலும் எழுதுவது மாதிரி! அதுமட்டுமல்ல. தன் பிரிவில் உள்ள 7 அணிகளில் 5 அணிகளோடு தலா 4 ஆட்டங்கள், 2 அணிகளோடு மட்டும் தலா 3 ஆட்டங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிலேயே ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு!

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. 2026-27 சீசனில் இருந்து 84 ஆட்டங்கள் என்று லீகும் வீரர்கள் சங்கமும் ஒப்பந்தம் செய்துள்ளன. இரண்டு ஆட்டங்கள் கூடுவதால், பிரிவிலுள்ள 7 அணிகளோடும் தலா 4 முறை ஆட முடிகிறது. போர்வை ஓர் அங்குலம் நீண்டிருக்கிறது!

கோல்கீப்பர் இல்லாத கோல்கம்பம்

விதிகள் சரியாக இல்லாவிட்டால் ஆட்டமே எப்படிக் கோணலாகும் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1967 வரை இந்த லீகில் 6 அணிகளே இருந்தன. அந்த ஆண்டு புதிதாக 6 அணிகளைச் சேர்த்தார்கள். பழைய 6 கிழக்கு. புதிய 6 மேற்கு. இரண்டு பக்கத்திலும் முதல் 4 அணிகளுக்கு பிளே-ஆஃப். புதியவர்களைப் பழைய புலிகளோடு கலந்துவிட்டால் அவர்கள் எழுந்திருக்கவே முடியாதே! அதனால்தான் இந்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான்.

1969-70 சீசனின் கடைசி நாள். 1970 ஏப்ரல் 5. கிழக்கில் நான்காவது இடத்துக்கு மான்ட்ரியலும் நியூயார்க் ரேஞ்சர்ஸும் போட்டி. புள்ளிகள் சமமானால் வெற்றிகளை எண்ணுவார்கள். அதுவும் சமமானால், அடித்த மொத்தக் கோல்களை எண்ணுவார்கள். வாங்கிய கோல்கள் கணக்கில் இல்லை!

அன்று மதியம் ரேஞ்சர்ஸ் கோல்மழை பொழிந்தது. முன்னணியில் இருக்கும்போதே கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு வீரரை அடிக்க அனுப்பியது! 9-5 என்று டெட்ராய்ட்டை ஜெயித்தது. இப்போது இரண்டு அணிகளுக்கும் 92 புள்ளிகள், 38 வெற்றிகள். அன்று இரவு மான்ட்ரியலுக்குச் சிகாகோவில் ஆட்டம். ஜெயிக்க வேண்டும், அல்லது டிரா செய்ய வேண்டும். இரண்டும் முடியாவிட்டால், தோற்றாலும் 5 கோல் அடிக்க வேண்டும்.

சிகாகோ 5-2 என்று முந்தியது. இன்னும் சுமார் 9 நிமிடங்கள். மான்ட்ரியலுக்கு இனி வெற்றி முக்கியமில்லை; 3 கோல் போதும். கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். காலியான கோலுக்குள் சிகாகோ ஒன்று, இரண்டு, மூன்று என்று 5 கோல்களை அடித்தது. 10-2! மான்ட்ரியல் வெளியே. 1968-லும் 1969-லும் கோப்பையை வென்ற சாம்பியன் அணிக்கு இந்தக் கதி.

அதே ஆண்டு மேற்கில் ஓக்லண்ட் சீல்ஸ் அணி எத்தனை புள்ளிகளோடு பிளே-ஆஃப் போனது தெரியுமா? 58! மான்ட்ரியலைவிட 34 புள்ளிகள் குறைவு.

வீரர்களைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. விதி எதைக் கேட்டதோ, அதைச் செய்தார்கள். 'தோற்றாலும் பரவாயில்லை, கோல் அடி' என்று விதியே சொன்னால், ஆட்டம் கோமாளித்தனமாகத்தான் போகும். இன்று அடித்த கோல்களின் எண்ணிக்கையைப் பல படிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். முதலில் பார்ப்பது, 60 நிமிடத்துக்குள் பெற்ற வெற்றிகளைத்தான்.

தோற்றாலும் ஒரு புள்ளி!

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். என்.எச்.எல். லீக் ஆட்டங்களில் ஜெயித்தால் 2 புள்ளிகள். 60 நிமிடத்துக்குள் தோற்றால் பூஜ்யம். கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. அதாவது, ஓர் ஆட்டத்தில் 2 லட்டுகளைப் பங்கு போடுகிறார்கள். இன்னோர் ஆட்டத்தில் 3 லட்டுகள்! மூன்றாவது லட்டு எங்கிருந்து வந்தது?

கொலராடோவின் 90 புள்ளிகளில் 14 புள்ளிகள் இப்படித் தோற்றே வாங்கியவை.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியிலும் உலக சாம்பியன்ஷிப் ஆட்டங்களிலும் 60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் 3. கூடுதல் நேரத்தில் ஜெயித்தால் 2. அதில் தோற்றவருக்கு 1. எல்லா ஆட்டத்துக்கும் 3 லட்டுகளே. 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் தொடங்கிய பெண்கள் ஹாக்கி லீகும் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. அக்காமார்கள் செய்ததை அண்ணன்மார்களும் செய்யலாமே!

சக்கரம் சுழன்றது

இப்போது வழக்கின் முக்கியமான சாட்சி. 2024-25 சீசன். இந்த முறை மேற்கில் கால்கரி ஃபிளேம்ஸ் 96 புள்ளிகள். செயின்ட் லூயிஸும் 96. 60 நிமிட வெற்றிகளில் செயின்ட் லூயிஸ் 32, கால்கரி 31. ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் கால்கரி வெளியே! கிழக்கில் 91 புள்ளிகள் எடுத்த ஓர் அணி வைல்டு கார்டு வாங்கி உள்ளே போனது.

எந்த அணி தெரியுமா? அதே மான்ட்ரியல் கனேடியன்ஸ்!

2019-ல் எந்த விதி அவர்களை வெளியே தள்ளியதோ, அதே விதி 2025-ல் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனது. இப்போது ஒரு கேள்வி. நீங்கள் மான்ட்ரியல் நகரத்துச் சிறுவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் 'இது அநியாயம்!' என்று அழுதீர்கள். 2025-ல் என்ன செய்வீர்கள்? பட்டாசு வெடிப்பீர்களா? இல்லை, கால்கரி நகரத்தில் ஒரு சிறுவன் அழுதுகொண்டிருப்பானே என்று ஒரு நிமிடம் நினைப்பீர்களா?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நமக்கு அடிபடும்போது எல்லாருக்கும் நியாயம் பேசத் தெரியும். அதே விதி நமக்குச் சாதகமாக இருக்கும்போதும் 'இது சரியா?' என்று கேட்பவர்தான் நேர்மையானவர்.

என் கட்சி இதுதான்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. பிரிவுகளை ஒழித்துவிட்டால் பயணம் கூடும். பக்கத்து ஊர் அணிகளின் சுவையான மோதல்கள் குறையும். அதனால், பிரிவில் முதல் 3 இடங்கள் என்பது இருக்கட்டும். 4 வைல்டு கார்டுகளை மட்டும் கிழக்கு, மேற்கு என்று பங்கு பிரிக்காமல், லீக் முழுவதிலும் மிச்சம் இருப்பவர்களில் சிறந்த 4 அணிகளுக்குக் கொடுக்கட்டும். அப்படிச் செய்திருந்தால் 2019-ல் மான்ட்ரியல் உள்ளே போயிருக்கும். 2025-ல் கால்கரி உள்ளே போயிருக்கும். கூடவே, எல்லா ஆட்டத்துக்கும் 3 புள்ளிகள் என்ற கணக்கும் வரட்டும்.

'கேள்வித்தாள்கள் வேறு வேறு என்றீர்களே, மார்க்கை மட்டும் எப்படி ஒப்பிடலாம்?' என்று கேட்கிறீர்களா? கெட்டிக்காரர்கள்தான்! உண்மை. 96-ம் 90-ம் முழுக்க ஒரே அளவுகோலில் வந்த எண்கள் அல்ல. என் யோசனையிலும் ஓட்டை இருக்கிறது. நீண்ட பயணமும் ஒரு ஓட்டைதான். ஆனால், இப்போது இருப்பதைவிடச் சின்ன ஓட்டை என்பது என் கட்சி.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றச் சொல்லி அடம்பிடிப்பது நியாயம் அல்ல. ஆட்டம் முடியட்டும். ஜெயித்தவருக்குக் கை கொடுங்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து, அடுத்த முறைக்கு விதியைத் திருத்துங்கள். கொலராடோ மீதும் தப்பில்லை. 2025-ன் மான்ட்ரியல் மீதும் தப்பில்லை. அவர்கள் விதிப்படி ஆடினார்கள். திருத்த வேண்டியது விதியைத்தான்.

நாளை மாலை உங்கள் தெருவில் அணி பிரிக்கும்போது, இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த அணிக்குப் போவோம் என்று தெரிவதற்கு முன்பே விதிகளைப் பேசி முடித்துவிடுங்கள். அப்போதுதான் யாரும் தனக்கு வசதியாக வளைக்க மாட்டார்கள்.

சரி, நீதிபதிகளே! உங்கள் தீர்ப்பு என்ன? ஒரு தாளில் எழுதி, நண்பனிடம் காட்டுங்கள். அவன் வேறு தீர்ப்பு சொன்னால் சண்டை போடாதீர்கள். 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று கேளுங்கள்!